பந்து போகட்டும், ஆள் போகப்படாது

பாலக்காட்டில் இருந்த அந்தச் சின்னக் காலேஜ் முதல் தடவையாகக் கோயம்புத்தூரில் நடக்கும் கேடயப் பந்தயத்துக்குப் போன வருஷம், ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு திரும்பியது. இன்டர்மீடியட் வரைக்கும்தான் அங்கே படிப்பு. இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, பின்னால் அறுப்பு முடிந்ததும் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் ஒரு வயல். அந்த வயல்தான் மைதானம். வாளையார் கணவாய் வழியாக மார்கழிக் காற்று அடிக்கும்போது கிழக்கே பார்த்து உதைத்த பந்து உதைத்தவன் தலைக்கு மேலேயே திரும்பி வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஆடிப் பழகிய பையன்கள் வேறென்ன செய்வார்கள் என்று ஊரில் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள்.

மறக்காதவர் ஒருவர் இருந்தார். கணக்கு டியூட்டர் பிச்சைமணி. கோயில் தெருவில் பெரிய வக்கீல் வீட்டுப் பிள்ளை. மதராஸில் படித்த நாலு வருஷமும் அங்குள்ள காலேஜ் டீமில் இடம் கிடைக்குமென்று காத்திருந்து, ஆடுகிறவர்களின் சட்டையையும் கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர். தோல் பந்தைத் தொட்டுவிட்டு வந்தால் கொல்லைக் கிணற்றில் தலை முழுகாமல் அவரை அவர் அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள். தினமும் முழுகினார். தினமும் தொட்டார்.

அடுத்த வருஷம், 1923-இல், பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கேயிருந்து மாரப்பன் வந்து சேர்ந்தான். அப்பன் பாரவண்டி ஓட்டுகிறவர். ஓடையில் சக்கரம் புதைந்தால் தோள் கொடுத்துத் தூக்கித் தூக்கிப் பையனுக்கு வளர்ந்த தொடையும் கெண்டைக்காலும் பார்த்தவர்கள் கண்ணைப் பறிக்கும். மெட்ரிகுலேஷனில் தட்டுத்தடுமாறித்தான் தேறியிருந்தான். பிச்சைமணி அவன் மார்க்கைக் கேட்கவே இல்லை. வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பந்தை உதைக்கச் சொன்னார். எதிர்க்காற்றில் அது அந்தக் கோடி வரப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. அன்றைக்கே அவன் பெயர் காலேஜில் ஏறிவிட்டது.

மாரப்பனைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். அவனுக்கு வேகம் உண்டு, பலம் உண்டு, நெளிவு சுளிவு கிடையாது. அந்த வருஷம் கோயம்புத்தூரில் அரையிறுதி வரைக்கும் போனார்கள். அங்கே எதிர் டீமில் ஒல்லியாக ஒருவன் இருந்தான். பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு மாரப்பனை வலதும் இடதுமாகச் சுற்ற வைத்தான். ஒரு தடவை மாரப்பன் பாய்ந்த இடத்தில் பந்தும் இல்லை, ஆளும் இல்லை. தடுமாறி, கைகளை விரித்து, முகம் குப்புற விழுந்தான். மைதானம் முழுக்கச் சிரித்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துரைமார்கள் சிரித்தார்கள், மரத்தின் மேலே இருந்த பள்ளிக்கூடப் பையன்கள் சிரித்தார்கள், அவனுடைய டீமிலேயே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எழுந்து மண்ணைத் துப்பிய மாரப்பனுக்கு அந்தச் சிரிப்பு காதில் ஏறி அப்படியே தங்கிவிட்டது. பிற்பாடு படுத்தால் கேட்டது, சாப்பிட உட்கார்ந்தால் கேட்டது.

பிச்சைமணி திட்டவில்லை. பாலக்காட்டுக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலம் அவனை மட்டும் வயலுக்கு வரச் சொன்னார். வகுப்பிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கி வந்து தரையில் வைத்தார். அதன் கால் பக்கத்தில் பந்தை வைத்தார்.

"இதோ பாரு, நீ பந்தைப் பார்த்துப் பாயறே. அதுதான் தப்பு. பந்து போகட்டும், ஆள் போகப்படாது, கேட்டியா? கண் இமைக்கிற நேரம் பிந்தி வா. பாதம் பந்துக்கு மேலே வழுக்கிண்டு போகணும். பார்க்கறவாளுக்குப் பந்துக்குப் போன மாதிரிதான் இருக்கும்."

மாரப்பன் பாய்ந்தான். முதல் தடவை பந்து போனது. பத்துப் பன்னிரண்டு தடவை போனது. இருட்டுவதற்குள் முக்காலியின் ஒரு கால் முறிந்தது. பிச்சைமணி முறிந்த காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாளைக்கு வேறொன்று கொண்டுவருவதாகச் சொன்னார்.

1924-இல் கேடயம் அவர்களுக்குக் கிடைத்தது. அது கிடைத்த விதத்தைப் பாலக்காட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். முன்வரிசையில் ஆடிய கோட்டை வாசல் பையன் போட்ட இரண்டு கோலைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கோல்கள் விழுவதற்கு முன்னால் மாரப்பன் பாய்ந்ததில் கணுக்கால் திரும்பிப்போன எதிர் டீமின் நடு ஆட்டக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதை யாரும் அதிகம் பேசவில்லை. காய்ந்த புளியங்குச்சியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். மாரப்பனுக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும். சத்தம் கேட்டதும் தனக்கு வெட்கமாக இருக்கும் என்று அவன் எதிர்பார்த்தான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மைதானம் அப்படியே அடங்கிப் போனது. போன வருஷம் சிரித்த அதே துரைமார், அதே மரத்துப் பையன்கள், ஒருவர் வாயிலிருந்தும் சத்தமில்லை. ஒரு வருஷமாக அவன் காதில் இருந்த சிரிப்பு அந்த அமைதியில் நின்றுபோனது. அவனுக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லக்கூடியதல்ல என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

ஒலவக்கோட்டு ஸ்டேஷனிலிருந்து செண்டை அடித்துக் கேடயத்தை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். வக்கீல் வீட்டில் எல்லோருக்கும் விருந்து. மாரப்பனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கொல்லைப்புறத்தில் இலை போட்டார்கள். பாயசம் நிறைய ஊற்றினார்கள். பிச்சைமணி முற்றத்தின் கதவருகே வந்து நின்று, அவன் சாப்பிடுகிறானா என்று பார்த்துவிட்டுப் போனார்.

இன்டர்மீடியட் பரீட்சையில் மாரப்பன் தேறவில்லை. பிரின்ஸிபால் அவனை மறுபடியும் சேர்த்துக்கொண்டார். 1925-இல் மறுபடியும் கேடயம். அந்தப் பந்தயத்தில் மூன்று பேர் கட்டுப் போட்டுக்கொண்டார்கள். கோயம்புத்தூர்ப் பையன்கள் அவனுக்குக் கோடாலி என்று பெயர் வைத்தார்கள். அவன் நிற்கிற பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு வருவதையே சில டீம்கள் நிறுத்திவிட்டன. வராதவர்களைத் தேடிக்கொண்டு அவன் போகத் தொடங்கினான். பிச்சைமணி இப்போதெல்லாம் வாயைத் திறந்து சொல்வதுகூட இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று ஒருவனைப் பார்ப்பார், பிறகு மாரப்பனைப் பார்ப்பார். அது போதும். மறுபடியும் பரீட்சையில் தவறினான். மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தால் கேடயம் காலேஜுக்கே சொந்தமாகிவிடும் என்பது விதி. அதனால் 1926-ஆம் வருஷம் அந்தக் காலேஜில் அவனுக்கு எந்தக் கதவும் சாத்தியிருக்கவில்லை.

அந்த வருஷம் இறுதிப் பந்தயத்தில் எதிரே வந்த கோயம்புத்தூர் டீமில் வலது ஓரம் ஆடியவன் நல்லதம்பி. வாளையாரில் இருக்கும் தாய்மாமனுடைய மகன். மாரப்பனின் தங்கை நாச்சம்மாளை அவனுக்கு நிச்சயம் செய்து தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாரப்பனை விட இரண்டு வயது சின்னவன். சின்ன வயதில் லீவு விட்டால் வாளையாருக்குப் போய் அவனோடு ஆற்றில் குதித்தவன்தான் மாரப்பனும்.

பந்தயத்துக்கு முன்னால் நல்லதம்பி இவர்கள் பக்கம் வந்தான். அவன் அம்மா சுட்டுக் கொடுத்த வெல்லக் கச்சாயத்தைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து மாரப்பன் கையில் வைத்தான்.

"மச்சான், மத்தவனையெல்லாம் கோடாலியில வெட்டிக்கங்க. என்னைய மட்டும் தள்ளி உட்ருங்க."

மாரப்பன் சிரித்து, அவன் முதுகில் தட்டி அனுப்பினான்.

முதல் பாதியில் சொன்னபடிதான் நடந்துகொண்டான். நல்லதம்பி ஓரமாக வந்தபோதெல்லாம் தோளால் இடித்து ஒதுக்கப் பார்த்தான். ஒதுங்குகிற ஆளா அவன்? இரண்டு தடவை தாண்டிப் போனான். இரண்டாவது தடவை கோலும் போட்டான். போட்டுவிட்டுத் திரும்பி ஓடும்போது மாரப்பனைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தான்.

இடைவேளையில் வேப்பமரத்தடியில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தார்கள். பிச்சைமணி ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு மாரப்பன் பக்கத்தில் வந்து குந்தினார்.

"உன் தங்கையைக் கட்டிக்கப் போறவனாக்கும், இல்லையோ?"

"ஆமாங்க சார்."

"நன்னா ஆடறான். ரெண்டாம் பாதியிலே அவன் இருக்கப்படாது."

மாரப்பன் கையிலிருந்த எலுமிச்சையைக் கீழே வைத்தான். "வேறெ ஆருன்னாலும் சரிங்க சார். அவனெ வேண்டாமுங்க."

"வேற யாராவது கோல் போட்டானா?"

பிச்சைமணி எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தாமல், வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். அடுத்த வருஷம் கேப்டன் யாரென்று பிரின்ஸிபால் கேட்டதாகவும், மாரப்பன் பெயரைச் சொல்லலாமென்று இருப்பதாகவும் சொன்னார். வண்டிக்காரன் பிள்ளை கேப்டனாவதை இந்த ஜில்லாவே பார்க்கட்டும் என்றார். கேடயம் போய்விட்டால், இரண்டு தடவை தவறியவனை மூன்றாம் தடவை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கத் தனக்கு வாய் இருக்காது என்றும் சொன்னார். எலுமிச்சைத் தோலைத் துப்பிவிட்டுப் போனார்.

இரண்டாம் பாதி தொடங்கியபோதும் மாரப்பன் முடிவு எடுத்திருக்கவில்லை. ஒரு தட்டு, ஒரு சுளுக்கு, அவ்வளவோடு நின்றுவிடும், பையன் ஓரமாக உட்கார்ந்துகொள்வான், தைக்குள் நன்றாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது நல்லதம்பி வந்தான். ஓரத்திலிருந்து உள்ளே வெட்டினான். மாரப்பன் குறுக்கே வந்ததும் பந்தைப் பாதத்தால் பின்னுக்கு இழுத்து இன்னொரு பக்கம் திருப்பினான். மாரப்பன் வெறுங்காற்றில் காலை வீசித் தடுமாறினான். நாற்காலிகள் பக்கமிருந்து சிரிப்பு எழுந்தது. மூன்று வருஷத்துக்கு முந்திய அதே சிரிப்பு.

மாரப்பன் திரும்பிப் பாய்ந்தான். கண் இமைக்கிற நேரம் பிந்தித்தான் வந்தான். பாதம் பந்துக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. இந்தத் தடவை சத்தம் நாற்காலிகள் வரைக்கும் கேட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து ஒன்று தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. நல்லதம்பி அலறவில்லை. இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு, யாரையோ கூப்பிடுகிற மாதிரி, "இங்கே, இங்கே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கொட்டகையின் கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரெபரி பின்னால் இருந்தார். அவர் கண்டது பந்துக்குப் பாய்ந்த இரண்டு கால்கள்தான். ஆட்டம் தொடர்ந்தது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் டீம் என்ன செய்யும்? பாலக்காட்டுக்காரர்கள் இரண்டு கோல் போட்டார்கள்.

அன்று சாயங்கால ரயிலில் கேடயத்தை மடியில் வைத்துக்கொள்ளும் பாக்கியத்தை மாரப்பனுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாமா என்று ஒரு பையன் கேட்டான். ரயில் போய்விடும் என்றார் பிச்சைமணி. மாரப்பன் கச்சாயப் பொட்டலத்தை வழியில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தான். அவனும் ஒன்று தின்றான்.

நாலைந்து நாள் கழித்துத்தான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதற்குள் காயம் அழுகிவிட்டது. முழங்காலுக்கு மேலே அறுத்தாகிவிட்டது. வராந்தாவில் மாமன் நின்றிருந்தார். மாரப்பனைப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றதும், எதிரே கிளப்புக்கடை இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போ, உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

கோயம்புத்தூர்க் காலேஜ் சும்மா இருக்கவில்லை. கேடயம் நடத்துகிற சங்கத்தில் புகார் செய்தார்கள். விசாரணைக்கு நாலு பேர் பாலக்காட்டுக்கு வந்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் பிச்சைமணி மாரப்பனை வயலுக்குக் கூட்டிப் போனார். ஒருவரும் சொல்லித்தரவில்லை, தானாகச் செய்தது என்று சொன்னால் ஒரு டெர்ம் தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான் என்றார். யாரோ சொல்லிச் செய்தது என்று வந்துவிட்டால் மூன்று வருஷத்து ஜெயமும் செல்லாது என்றார். பையன்கள் முகத்தில் எப்படி முழிப்பாய் என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. மாரப்பனுக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் பிரின்ஸிபால் அறையில் அவனை நிற்கவைத்துக் கேட்டார்கள். ஒருவரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன் என்றான். பிறகு பிச்சைமணியைக் கேட்டார்கள். இந்தப் பையனிடம் முதலிலிருந்தே ஒரு முரட்டுத்தனம் உண்டு, எத்தனையோ தடவை எச்சரித்தும் பயனில்லை, வளர்ந்த இடம் அப்படி, தங்களால் என்ன செய்ய முடியும் என்று நல்ல இங்கிலீஷில் சொன்னார். அவன் எதிரிலேயே சொன்னார். மாரப்பனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அந்த அளவு இங்கிலீஷ் அவனுக்கு வந்திருந்தது.

அவனைக் காலேஜை விட்டு நீக்கினார்கள். கேடயம் காலேஜில் இருந்தது. ஜெயித்த டீமைப் படம் பிடிக்க மதராஸிலிருந்து ஆள் வந்தபோது பதினோரு பேர் வேண்டுமே என்று, ஒரு நாளும் பந்தைத் தொடாத முதல் வருஷப் பையன் ஒருவனுக்குச் சட்டை மாட்டிப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். படம் ஹாலில் மாட்டப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் காலேஜ் கோயம்புத்தூரில் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. பிச்சைமணி இரண்டு வருஷத்தில் சட்டம் படிக்கப் போய், அப்பாவின் வாசலிலேயே பலகை மாட்டிக்கொண்டார்.

வீட்டில் மாரப்பனை ஒருவரும் அடிக்கவில்லை. அப்பன் வழக்கம்போல வண்டி பூட்டிக்கொண்டு போனார். அம்மா சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நாள் மாமன் வாளையாரிலிருந்து வந்து, நிச்சயத்தை முறித்துக்கொள்வோம், பெண்ணுக்கு நல்ல இடமாகப் பாருங்கள், ஒற்றைக்காலனுக்குக் கொடுத்த பாவம் உங்களுக்கு வேண்டாம் என்று சொன்னார். நாச்சம்மாள் உள்ளேயிருந்து வந்து, பேசின தேதியிலேயே கல்யாணம் நடக்கட்டும் என்றாள். மாமன் அழுதுவிட்டார். அவர் போன பிறகு அவள் மாட்டுக்கொட்டகைக்கு வந்தாள். மாரப்பன் அங்கே தீவனம் வெட்டிக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அண்ணனை மரியாதையில்லாமல் ஒரு வார்த்தை பேசாதவள், முதல் தடவையாக நீ என்றாள்.

"காலை எடுத்தது நீயி. கட்டிக்கறது நானு. இனி உனக்கு இந்த ஊட்டுல சோலி இல்ல."

கல்யாணத்துக்கு முன்பே அவன் ஊரை விட்டுப் போனான்.

கோயம்புத்தூரில் அந்தக் கடைசிப் பந்தயத்தை நாற்காலியில் இருந்து பார்த்த ஒரு தோட்டத்துத் துரைக்கு அவன் ஞாபகம் இருந்தது. ஆள் வேண்டுமென்று சொல்லியனுப்பினார். மாரப்பன் போடிநாயக்கனூர் வழியாக மலை ஏறி இடுக்கிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தான். கண்டக்டர் வேலை. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் தலை எண்ணுவது, கொழுந்து நிறுப்பதைப் பார்ப்பது, வேலைக்கு வராதவனை அவன் குடியிருக்கும் லயத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருவது. தோட்டங்களுக்குள் பந்து ஆட்டம் உண்டு. துரை அவனைக் களத்தில் இறக்கிப் பார்த்தார். பந்து வந்தபோது மாரப்பன் ஒதுங்கி நின்றான். இரண்டு தடவை அப்படி நின்றதும் துரை அவனை வெளியே வரச்சொல்லிவிட்டார். ஆட்டத்துக்கு உதவாவிட்டாலும் தோட்டத்துக்கு உதவுவான் என்று வைத்துக்கொண்டார்.

உதவினான். முன்பணம் வாங்கிய கடன் தீராமல் ஊருக்கு ஓடுகிறவர்களைப் பிடித்துவரும் வேலை பெரும்பாலும் அவனுக்கு வந்தது. கழுதைப் பாதையில் அவனைவிட வேகமாக இறங்க அந்தத் தோட்டத்தில் ஆளில்லை. ஒரு நாள் காலை சூசையப்பன் என்கிற தொழிலாளி, மூடுபனி விலகுவதற்கு முன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். மாரப்பன் துரத்தினான். இரண்டாவது திருப்பத்தில் ஆள் கண்ணில் பட்டான். கூப்பிட்டால் நின்றிருப்பான். மாரப்பன் கூப்பிடவில்லை. பின்னால் ஓடிவந்து கால்களுக்குக் குறுக்கே பாய்ந்தான். சூசையப்பன் பாறையில் போய் விழுந்து முன்பற்கள் உடைந்தன.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவன் எழுந்து உட்கார்ந்தான். "புள்ளைக்கு அம்மை போட்டிருக்குதாம்யா. ஒரு கண்ணு பாத்துட்டுத் திரும்பி வந்துருதேன்யா. மாதா மேல சத்தியம்யா."

மாரப்பன் அவனைக் கம்பளியோடு சேர்த்துக் கட்டி மேலே கூட்டிக்கொண்டு வந்தான். துரை பாராட்டினார். பிள்ளை பத்து நாளில் இறந்துபோனது. சூசையப்பன் அதன் பிறகும் தினம் பிரட்டில் வந்து நின்றான். மாரப்பன் அவன் பெயரைக் கூப்பிட்டால், முன்பல் இல்லாத வாயால் வந்தேன் என்றான்.

1933-இல் அம்மா இறந்தாள். அப்பன் இறந்த பிறகு அவள் வாளையாரில் மகள் வீட்டில்தான் இருந்தாள். செய்தி சொல்லியனுப்பியவன் நல்லதம்பி. மாரப்பன் போய்ச் சேர்ந்தபோது பிணத்தை எடுத்துவிட்டார்கள். வேறு ஒருவன் கொள்ளி வைத்திருந்தான். வீட்டு வாசலில் போய் நின்றான். நாச்சம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு கை கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வாங்கண்ணா. உள்ள வாங்க."

மாரப்பன் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனான். கருமாதி முடியும் வரைக்கும் அங்கேயே இருந்தான். நல்லதம்பி மர டிப்போவில் எழுத்து வேலை பார்த்து வந்தான். கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் மற்றவர்களைப்போலத்தான் நடந்தான். பேச்சில் குறை வைக்கவில்லை. நாச்சம்மாள் மாசமாக இருந்தாள். இத்தனை வருஷமாகப் பேசாமல் இருந்தது தன் தப்பு, ஆட்டத்தில் தெரியாமல் பட்டதற்கு யார் என்ன செய்ய முடியும், அவரே எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், தனக்குத்தான் மனசு இறங்கவில்லை என்று அவள் அண்ணனிடம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

கருமாதியன்று மத்தியானம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டாள். நல்லதம்பிக்குத் தரையில் உட்கார முடியாது. பெஞ்சியில் இலை போட்டிருந்தாள். மாரப்பன் கீழே உட்கார்ந்திருந்தான். அவள் ரசம் எடுத்துவர உள்ளே போனாள். மாரப்பன் நிமிர்ந்து, எப்படியாவது பேச்சைத் தொடங்க வேண்டுமென்று தொடங்கினான்.

"அன்னைக்குத் தெரியாமப் பட்டுருச்சு மாப்ள. சத்தியமா."

நல்லதம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். குரலில் கோபம் இல்லை.

"உழுகறதுக்கு முன்னால உங்க மூஞ்சியப் பாத்தனுங்க மச்சான். நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க."

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நல்லதம்பியே தொடர்ந்தான்.

"அவகிட்ட வேறெ மாதிரிச் சொல்லி வெச்சிருக்கறேன். அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல. அண்ணன்னு ஒருத்தன் இருக்கான்னு இருந்துட்டுப் போறா. சாப்பிடுங்க. சாயங்கால வண்டிக்குப் போயிருங்க. இனி ஒருக்கா இந்த வாசல்ல வந்தீங்கன்னா, நானே அவகிட்டச் சொல்லிப்போடுவேன்."

நாச்சம்மாள் ரசத்தோடு வந்தாள். அண்ணனுக்கு ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டாள். போடச் சொன்னான். போட்டதெல்லாவற்றையும் சாப்பிட்டான். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகக்கூடாதா என்று அவள் கேட்டபோது, துரை லீவு தரவில்லை என்றான். நல்லதம்பி ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்து, வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பினான்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்க வரச்சொல்லி ஆள் விட்டாள். மாரப்பன் போகவில்லை. மூன்றாம் வருஷம் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது? தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்துபோகிற கங்காணி ஒருவரிடம் நாச்சம்மாள் நாளையும் நேரத்தையும் சொல்லி, அண்ணன் வராமல் ஊசியை எடுக்க விடமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். மாரப்பன் கேட்டுக்கொண்டான். போடிக்குப் போய்க் கடுக்கனும் பட்டுத்துணியும் வாங்கி வந்து பெட்டியில் வைத்தான்.

காது குத்து நாளன்று மேல் மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து நடந்துகொண்டிருந்தது. அவன் காலையிலிருந்து வெட்டுகிறவர்கள் பின்னாலேயே நடந்தான். ஒருவன் கிளையைக் கொஞ்சம் மேலே வைத்து வெட்டிவிட்டான் என்று பிரம்பால் அடித்தான்.

கங்காணி அடுத்த மாதம் வந்தபோது மாரப்பன் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார். பந்தலில் பலகை போட்டு வைத்துவிட்டு நாச்சம்மாள் வாசலுக்கும் பந்தலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாளாம். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி நெருக்கினாராம். கடைசியில் புருஷன் வழியில் யாரோ ஒரு பெரியவரை உட்காரவைத்துக் குத்தினார்களாம். பழக்கமில்லாத மடியில் பிள்ளை வீறிட்டுக் கத்தியதாம். மன்னித்துச் சோறு போட்டேன், அந்தத் திமிர் பிடித்தவனுக்குத் தங்கச்சி வேண்டாமாம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாளாம்.

"நீங்க நல்லா இருக்கீகளான்னு மட்டும் என்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாகய்யா" என்றார் கங்காணி. "இருக்காருன்னு சொன்னேன். உள்ள போயிட்டாக."

மாரப்பன் சரி என்றான். கொழுந்து நிறுக்கும் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தராசுக் கொட்டகைப் பக்கம் நடந்தான்.